முதல் நடைமேடைக்கு மேலே

"மலையடிவாரம் செல்லும் பேருந்து, நடைமேடை எண்..." என்ற வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. அதற்கப்புறம் வந்தது பேச்சில்லை, இருமல். பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் இருமின. கழிப்பறை வாசலில் இருந்தது இருமியது, பயணிகள் கூடத்தில் இருந்தது இருமியது, வெளிவாசல் கம்பத்தில் கட்டியிருந்த பழைய கூம்புக் குழாய் ஒரு கணம் தாமதித்துத் தன் பங்குக்கு இருமியது. சுமை தூக்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை பதிலுக்கு இருமிக் காட்டியது.

மேலே, முதல் நடைமேடையின் கூரையை ஒட்டிக் கோழிக்கூடு போலத் தொங்கிக்கொண்டிருந்த அறிவிப்பு அறையில், மைக்கக்கா சுவிட்சை அணைக்க மறந்து மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. ஈரத்துணியைப் பிழிந்து, பிழிந்த கையை விடாமல் யாரோ நெஞ்சுக்குள் நிற்பது போல. பையைத் துழாவி, அவசரத்துக்கு இழுக்கும் மருந்துக் குழலை வாயில் வைத்து அழுத்தினாள். அந்த 'புஸ்'ஸும் ஊருக்கே கேட்டது.

"யாருக்கோ டயர் பஞ்சர்டா" என்றார் கீழே ஒரு நடத்துநர். நாலு பேர் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் நிலைய மேலாளர் மட்டும்தான். மாடிப்படி ஏறி வந்தார். அவளைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். அதனாலேயே அவர் திட்டினால் கூடுதலாக உறைக்கும்.

"அம்மா, இன்னிக்கு நாலு பேர் மலையடிவார வண்டிய விட்டுட்டு வந்து என்கிட்ட நிக்கிறாங்க. கேட்டா, இருமல்தான் கேட்டுச்சு, நம்பர் கேக்கலங்கறாங்க."

"தொண்டை கட்டிக்கிச்சு சார்."

"போன மாசமும் தொண்டைதான். அதுக்கு முந்தின மாசமும் தொண்டைதான்." குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை மைக்ல இப்படி ஆச்சுன்னா உங்கள கீழ பொருள் காப்பறைக்கு மாத்திடுவேன். அங்க பேசற வேலையே இல்ல. பெட்டிக்குச் சீட்டு கட்டினாப் போதும்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். பேசுகிற வேலையே இல்லை என்ற அந்த ஆறுதல்தான் அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

இந்த நிலையத்துக்கு அவள் துடைப்பத்தோடு வந்தவள். நடைமேடைகளைக் கூட்டினாள், பிறகு கழிப்பறை வாசலில் காசு வாங்கி வில்லை கொடுத்தாள். ஒரு நாள் அறிவிப்பாளர் வரவில்லை. வண்டிகள் தாறுமாறாக நிற்க, சனங்கள் பெட்டியும் படுக்கையுமாக ஓட, அப்போதிருந்த மேலாளர் கண்ணில் பட்ட முதல் ஆளைப் பிடித்து, "படிக்கத் தெரியுமா? மேல ஏறு" என்றார். ஏறினாள். சுவிட்சைப் போட்டாள். வாயைத் திறந்ததும் கீழே ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அவள் சொன்ன பக்கம் திரும்பினார்கள். அதுவரை அவள் சொல்லி யாரும் எந்தப் பக்கமும் திரும்பியதில்லை. அன்றைக்கு ஏறினவள்தான், இறங்கவில்லை.

பேர் சொல்லி அவளை அழைப்பவர்கள் ஒருவரும் இல்லை என்றாயிற்று. ஓட்டுநர், நடத்துநர், தேநீர்க் கடைக்காரர், எல்லாருக்கும் மைக்கக்கா. வீட்டில்கூட அந்தத் தொனி போகாது. "சாப்பாடு தயார் நிலையில் உள்ளது" என்பாள். முன்னாள் நடத்துநரான வீட்டுக்காரர், என்ஜின் பக்கத்திலேயே வாழ்ந்து ஒரு காதைத் தொலைத்தவர், "எந்த பிளாட்பாரத்துல?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்காருவார்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. மழைக்காலத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி வரும், போகும். தினம் இழுக்கிற மருந்தை ஒழுங்காக இழுத்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். இப்போது சில காலமாகத்தான் அந்த விருந்தாளி பாயை விரித்துப் படுத்துவிட்டது. மருந்தை இழுக்கிறாள், குறையவில்லை. படி ஏறினால் நடுப்படியில் நிற்க வேண்டியிருக்கிறது. சளி மஞ்சளாக வருகிறது. எழுந்திருக்கும்போதே, அப்போதுதான் வேலை முடித்து வந்தவள் போல அலுப்பு.

"ஊருக்கே வழி சொல்றவ, உன் மூச்சுக்கு ஒரு வழி பண்ண மாட்டேங்கற" என்றார் வீட்டுக்காரர். "நாளைக்குப் போயி நெஞ்சு டாக்டரப் பாரு."

"நீங்க காது டாக்டரப் பாருங்க மொதல்ல."

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. போறேன்னு சொன்னேன்."

மருத்துவமனையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து அதில் இருமித் துப்பச் சொன்னார்கள். ஊருக்கே இருமிக் காட்டியவளுக்கு அந்த டப்பாவுக்குள் இரும வெட்கமாக இருந்தது. முடிவு வர சில நாள் ஆகும் என்றார்கள். வந்ததும் போய் உட்கார்ந்தாள். மருத்துவர் ஒரு பெண்மணி. அவருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம். காலையிலிருந்து எத்தனை நெஞ்சுகளைக் கேட்டிருப்பாரோ.

"உங்க சளியில கிருமி வளர்ந்திருக்கும்மா. அதுதான் இப்படிப் படுத்துது. ஆனா கிருமி மட்டும் இல்ல, புகையும் அதோட..."

மருத்துவர் மேலே என்னென்னவோ சொன்னார். மைக்கக்காவின் காது 'கிருமி'யிலேயே இறங்கிவிட்டது, அடுத்த நிறுத்தம் வரை வரவில்லை. அவள் மனசு நேரே அறிவிப்பு அறைக்குப் போய், மேசைமேல் நிற்கும் மைக்கின் தலையில் மாட்டியிருக்கும் பஞ்சு உறையைப் பிடித்துக்கொண்டது.

அந்த உறையின் வேலை, மூச்சுக்காற்று மைக்கில் மோதிக் கரகரக்காமல் தடுப்பது. நிலைய இரைச்சலில் குரல் எடுபட வேண்டுமானால் உதடு அதில் உரசுகிற மாதிரி பேசியாக வேண்டும். காலையில் இவள் உரசுவாள், மாலையில் அடுத்த முறைக்காரி உரசுவாள். அடுத்த முறைக்காரி வயதில் பாதி, வாயில் இரண்டு பங்கு. பேர் சின்ன மைக். அவளும் கொஞ்ச நாளாகத் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் இருக்கிறாள்.

'அட, இவளா!' என்று தோன்றியது மைக்கக்காவுக்கு. தோன்றியதும் ஒரு நிம்மதி. நோய்க்கு ஒரு முகம் கிடைத்துவிட்டால் பாதி குணமான மாதிரி இருக்கிறது.

மறுநாள் முறை மாறும் நேரத்தில் சின்ன மைக் படியேறி வந்தபோது, மைக் மொட்டையாக நின்றது. உறை மேசையின் ஓரத்தில் ஒரு காகிதத்தின் மேல் கிடந்தது, செத்த எலியைப் போல.

"என்னக்கா, மொட்டை போட்டுட்டீங்க?"

"இனிமே உன் பஞ்சை நீயே கொண்டு வாடி. எனக்கு நெஞ்சுல கிருமியாம். டாக்டர் சொல்லிட்டாங்க."

"அதுக்கு?"

"அதுக்கு என்னா? ஒரே பஞ்சுல ரெண்டு பேரும் வாய வச்சா வேற எங்கேருந்து வரும்?"

சின்ன மைக் கைப்பையை நாற்காலியில் வைத்தாள். "கிருமி மேல என் பேரு எழுதியிருந்துச்சாக்கா?"

"மைக்கை முழுங்கற மாதிரி வச்சுக்கிட்டுப் பேசறது யாரு?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே! 'உதட்டுல ஒட்டணும்டி, அப்பத்தான் கடைசி பிளாட்பாரத்துல கேக்கும்'னு சொன்னது எந்த மகராசி?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை மறைக்கக் கோபம் வேண்டியிருந்தது. "நில்லுங்க. என் எச்சில் எப்படி இருக்குன்னு நானே கழுவிக் காட்டறேன்."

மூலையிலிருந்த பக்கெட்டில் குடிதண்ணீரை ஊற்றி, உறையை முக்கி ஒரு பிழி பிழிந்தாள்.

தண்ணீர் கறுத்தது. அழுக்குத் தண்ணீரின் பழுப்பு இல்லை. மையைக் கவிழ்த்த மாதிரி கறுப்பு. இன்னொரு பிழி பிழிந்தாள். இன்னும் கறுத்தது. மேலே எண்ணெய்ப் படலம் ஒன்று மெல்லச் சுழன்று நின்றது. இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே துறைமுகம் போகிற வண்டி அறிவிப்பில்லாமலே கிளம்பிப் போயிற்று.

"இது என் எச்சில்னா" என்றாள் சின்ன மைக், "நான் மூணு வேளையும் கரி தின்னுறேன்னு அர்த்தம்."

மைக்கக்கா நிமிர்ந்தாள். அந்த உறையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்துகொண்டு இறங்கினாள். பாதிப்படியில் நின்றாள். மூச்சு வாங்கத்தான். ஆனால் மேலே கேட்ட மூக்குறிஞ்சும் சத்தமும் காதில் விழுந்தது.

மருத்துவரின் மேசைமேல் அவள் அந்தப் பையை வைத்தபோது, அவர் முதலில் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். விவரம் கேட்டபிறகு, ஒரு காகிதத்தை எடுத்து உறையின் மேல் ஒற்றிப் பார்த்தார். காகிதத்தில் கறுப்பு வட்டம் பதிந்தது.

"இதைத்தான் போன தடவையே சொன்னேன். நீங்க வேற எங்கேயோ இருந்தீங்க."

"அப்போ கிருமி அந்தப் பொண்ணுகிட்டேருந்து வரலையா டாக்டர்?"

"வந்திருக்கவே முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கிருமிக்கு ஊர் சுத்தி வர வேண்டிய அவசியமில்ல. ஒண்ணும் பண்ணாம பலர் தொண்டையிலயும் மூக்குலயும் சும்மா குடியிருக்கற ஆளுதான். உங்க தொண்டையிலயே பல வருஷமா இருந்திருக்கலாம்."

"சும்மா இருந்தது எதுக்கு இப்போ ஆடுது?"

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "மூச்சுக்குழாய் உள்பக்கம் பொடிப் பொடியா மயிர் மாதிரி இருக்கும்மா. நீங்க ஆரம்பத்துல பிளாட்பாரம் கூட்டினேன்னு சொன்னீங்கல்ல, அதே வேலைதான் அதுக்கும். உள்ள விழற தூசி, கிருமி எல்லாத்தையும் சளியோட சேத்து மேல கூட்டித் தள்ளிக்கிட்டே இருக்கும். டீசல் புகை தினமும் பட்டா அந்தத் துடைப்பம் தேஞ்சிடும். உள்சுவரும் அரிச்சுப் புண்ணாயிடும். புண்ணான சுவர்ல கிருமி ஈஸியா ஒட்டிக்கும். தள்ளிவிட ஆளில்ல, ஒட்டிக்க எடம் இருக்கு. அப்புறம் அது குடும்பம் நடத்தத்தானே செய்யும்?"

"நான் தினமும் மருந்து இழுக்கறேனே."

"அது உங்க பழைய இழுப்புக்கு வேலை செஞ்சுது. இப்போ புகையும் கிருமியும் கூட்டுச் சேந்துடுச்சு. ரெண்டையும் எதுத்து உடம்பு வேற ஒரு படைய அனுப்புது. அந்தப் படை வந்து சண்டை போடற வேகத்துல குழாயே வீங்குது. நீங்க இழுக்கற மருந்துக்கு அந்தப் படை அவ்வளவா அடங்காது. புகை மட்டும்னா இவ்வளவு ஆகியிருக்காது, கிருமி மட்டும்னாலும் ஆகியிருக்காது. கிருமிக்கு மாத்திரை தரேன். நல்லாயிட்டாப்ல இருக்குன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. இழுக்கறதையும் விடக் கூடாது. ஆனா அதே புகையில போயி உக்காந்தீங்கன்னா மறுபடி இங்கதான் வருவீங்க. உங்க ரூமுக்குக் காத்து எப்படி வருது?"

"சுவத்துல விசிறி இருக்கு டாக்டர். நல்லா ஜில்லுனு வரும்."

"எங்கேருந்து இழுத்துட்டு வரும்?"

மைக்கக்காவின் கண் காகிதத்தில் பதிந்திருந்த கறுப்பு வட்டத்துக்குப் போயிற்று.

அந்த விசிறி முதலில் வெளியே பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அறைச் சூட்டை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. ஒரு கோடையில் தகரக் கூரை காய்ந்து அவள் வெந்துகொண்டிருந்தபோது, விளக்கு மாட்ட வந்த எலக்ட்ரீசியனைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, இதத் திருப்பி மாட்டு. காத்து என் முகத்துல அடிக்கட்டும்." அவன், "அக்கா, இது வெளிய தள்ற விசிறி" என்று இழுத்தான். "தள்றதுதானே, உள்ள தள்ளட்டும். ஊர்ல இருக்கற காத்துக்கு என்ன பஞ்சம்?" என்று சிரித்து, அவனுக்குத் தேநீரும் வாங்கிக் கொடுத்தாள். திருப்பி மாட்டியதும் முகத்தில் காற்று அடித்தது. அடடா என்று இருந்தது. அடுத்த முறைக்கு வந்த சின்ன மைக்கிடம்கூட, "பாத்தியாடி, உனக்கும் சேத்துதான் பண்ணினேன்" என்று பெருமையடித்துக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் முதல் நடைமேடை. வண்டிகள் பின்பக்கம் காட்டி நிற்கும். சைலன்சர்கள் எல்லாம் விசிறியின் கீழே வரிசையாக வாய் பிளந்திருக்கும். உனக்கும் சேர்த்துதான் பண்ணினேன் என்றது இப்போது வேறு மாதிரி கேட்டது.

மறுநாளே எலக்ட்ரீசியனை வரவழைத்து விசிறியைப் பழையபடி மாட்டச் சொன்னாள். சின்ன மைக் வந்தபோது நடந்ததையும் சொன்னாள். மன்னிப்பு என்ற சொல் அவளுக்கு மைக்கில் மட்டும்தான் வரும், 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்று. நேரில் வந்தது இவ்வளவுதான்:

"பஞ்சு உன் எச்சில் இல்லடி."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

"நீயும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடு. செருமிக்கிட்டே இருக்க."

"காட்டறேன்." சின்ன மைக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். "விசிறியத் திருப்பினதுல இப்போ கிருமி சாகுதோ இல்லையோ, நாம வெந்து சாகப் போறோம்க்கா."

மாத்திரைகள் உள்ளே போகப் போகச் சளியின் மஞ்சள் வெளுத்தது. ஆனால் சன்னலைத் திறந்தால் புகை, மூடினால் அடுப்பு. முதல் நடைமேடை வண்டிகள் என்ஜினை நிறுத்துவதே இல்லை. அதிலும் மலையடிவார வண்டி. அதன் ஓட்டுநருக்கு மீசைக்காரர் என்று பேர். அவர் மீசையும் வண்டியின் புகையும் ஒரே நிறம். வந்து நின்றதிலிருந்து கிளம்புகிறவரை அது கடகடவென்று நடுங்கிக்கொண்டே புகை கக்கும்.

ஒரு காலை அது கக்கத் தொடங்கியதும் அவளுக்கு நெஞ்சு இறுக ஆரம்பித்தது. அடுத்த அறிவிப்பு வந்தாக வேண்டும். கீழே கண்ணாடி அறையில் மேலாளர் நிற்பது தெரிந்தது. இருமினால் பொருள் காப்பறை. இருமாமல் இருக்க வழியில்லை. அவளிடம் இருந்தது இன்னும் ஒரு வாக்கியத்துக்கான மூச்சு மட்டும். அதை எதற்குச் செலவழிப்பது?

சுவிட்சைப் போட்டாள்.

"ஓட்டுநர்கள் கவனத்திற்கு. நடைமேடை எண் ஒன்றில் நிற்கும் பேருந்து, என்ஜினை அணைக்கவும்."

கூம்புக் குழாய் தாமதித்து இன்னொரு முறை சொன்னது: "அணைக்கவும்."

நிலையம் அண்ணாந்து பார்த்தது. மீசைக்காரரும் பார்த்தார். ஊர் முழுக்கக் கேட்ட பிறகு கேட்காத மாதிரி இருக்க முடியாது. சாவியைத் திருப்பினார். கடகடப்பு நின்றது. இருமலும் வந்தது, ஆனால் அதற்குள் சுவிட்சை அணைத்துவிட்டிருந்தாள். அணைத்த அறைக்குள் தனக்கு மட்டும் இருமிக்கொண்டாள்.

கிளம்பும் நேரம் வந்தது. மீசைக்காரர் சாவியைத் திருப்பினார். வண்டி 'ட்ட்ட்' என்றது. இன்னொரு தரம். 'ட்' என்றது. பிறகு அதுவும் இல்லை.

"அக்காவ்!" கீழேயிருந்து வந்தது குரல், மைக் இல்லாமலே. "இதுக்குத்தான் நான் அணைக்கறதே இல்ல! பேட்டரி செத்து ஒரு வருஷமாச்சு! உன் மூச்சக் காப்பாத்தப் போயி என் வண்டிக்கு மூச்சு நின்னுபோச்சு, பாரு!"

அவள் சன்னலைத் திறந்து குனிந்தாள். மேலாளர் வெளியே வந்துகொண்டிருந்தார். பயணிகள் தலையை நீட்டினார்கள். இனி என்ன, பெட்டிக்குச் சீட்டு கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததில் பயம்கூட இல்லை. அலுப்புத்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டாள்.

"பயணிகள் கவனத்திற்கு. நடைமேடை எண் ஒன்றில் உள்ள பேருந்தைத் தள்ள, பத்துப் பேர் தேவைப்படுகிறார்கள்."

சிரிப்பு எழுந்தது. சுமை தூக்குகிறவர்கள் வந்தார்கள், உள்ளேயிருந்து பயணிகள் இறங்கினார்கள், தேநீர்க் கடைக்காரர் தோளில் துண்டோடு வந்தார். "ஏலேலோ" என்று யாரோ பாட, வண்டி நகர்ந்தது. நடைமேடைகளைத் தாண்டிக் கடைசியில், ஐந்தாம் நடைமேடைக்குப் பக்கத்தில் தரை வெளிவாசல் நோக்கிச் சரியும். வண்டி அந்தச் சரிவைத் தொட்டதுதான் தாமதம், தானே உருண்டு, ஒரு குலுக்கலில் உயிர் பிடித்தது. தள்ளிய பயணிகள் ஏறிக்கொள்ள ஓடினார்கள்.

மேலேயிருந்து மைக்கக்கா அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தரையில் எத்தனை வருடம் கூட்டியிருக்கிறாள். குப்பை தானாக வாசல் பக்கம் ஓடும் இடம் அது.

மறுநாள் மலையடிவார வண்டி நிலையத்துக்குள் நுழையும்போதே அறிவித்துவிட்டாள்: "மலையடிவாரம் செல்லும் பேருந்து, நடைமேடை எண் ஐந்தில் நிறுத்தப்படும்." ஐந்தாம் நடைமேடை பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமா என்று சனம் முணுமுணுத்தது. மீசைக்காரர் சன்னலுக்கு வெளியே கையை விரித்தார். பிறகு சரிவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, என்ஜினை அணைத்தார். கிளம்பும் நேரத்தில் கல்லை எடுத்து உருட்டிவிட்டார், கிளம்பிவிட்டது. நல்ல பேட்டரி உள்ள வண்டிகள் முதல் நடைமேடைக்கு வந்தன. அவற்றுக்கு அணைக்க மாட்டேன் என்று சொல்லச் சாக்கு இல்லை. இருந்தும் பாதிப்பேர் அணைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேலாளர் ஒரு நாள் படியேறி வந்தார். "இந்த அஞ்சாம் நம்பர் ஏற்பாடு யாரைக் கேட்டுப் பண்ணினீங்க?"

"யாரையும் கேக்கல சார். சொன்னேன், போனாங்க."

அவர் அறையின் சூட்டில் சட்டைக் கழுத்தைத் தளர்த்தினார். "இருமல் எப்படி இருக்கு?"

"இருக்கு சார்."

அவர் இறங்கிப் போனார். பொருள் காப்பறையைப் பற்றி அன்று பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

பழைய மூச்சு முழுசாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முன்பு ஒரே இழுப்பில் ஊர், வழி, எண், நேரம் என்று சொல்லி முடித்த அறிவிப்பை, இப்போது மூன்றாக உடைத்து, நடுவில் காற்றை வாங்கி வாங்கிச் சொல்கிறாள். பயணிகளுக்கு இப்போதுதான் தெளிவாகக் கேட்கிறதாம். யாரோ மேலாளரிடம் பாராட்டினார்களாம். கேட்டபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்று அடக்கிக்கொண்டாள்.

முறை மாறும்போது உறையைக் கழற்றிப் பிழிவது வழக்கமாகிவிட்டது. ஆளுக்கொரு பஞ்சு என்ற பேச்சே எழவில்லை. அன்று சின்ன மைக்தான் பிழிந்தாள். பக்கெட்டைச் சன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தினாள்.

"கறுப்பாத்தான் இருக்குக்கா."

"அன்னிக்கு மாதிரியா?"

"அன்னிக்கு மாதிரி இல்ல. அடி தெரியுது."

மைக்கக்கா குனிந்து பார்த்தாள். தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். நடுப்படியில் வழக்கம்போல நின்றாள். தலைக்கு மேலே சின்ன மைக்கின் குரல் நிலையம் முழுக்க விரிந்தது: "நடைமேடை எண் ஒன்றில் நிற்கும் பேருந்து, என்ஜினை அணைக்கவும்." கீழே ஒரு வண்டியின் என்ஜின் முனகிக்கொண்டே நின்றது. பக்கத்து வண்டியினுடையது நிற்கவில்லை.

"அணைக்கவும்" என்றது கூம்புக் குழாய்.

அவள் அடுத்த படியில் காலை வைத்தாள்.